ஃபேப்ரிக் டெஸ்ட்பெட்ல விஎம் மக்கர் பண்ணுதா, நெட்வொர்க் போகலையா? எங்கேருந்து பாக்க ஆரம்பிக்கணும்னு ஒரு முழு வழிகாட்டி

மொதல்ல ஒண்ணு மனசுல ஏத்திக்கோங்க. உங்க விஎம்முக்கு (விர்ச்சுவல் மெஷின், பெரிய சர்வர்ல துண்டு போட்டுக் குடுக்கற கம்ப்யூட்டர்) ரெண்டு நெட்வொர்க் இருக்கு. ஒண்ணு நீங்க எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருக்குற மெஷினுக்கு லாகின் பண்ற வழி) பண்ணி உள்ள போறதுக்கான மேனேஜ்மென்ட் நெட்வொர்க், இன்னொண்ணு உங்க எக்ஸ்பெரிமென்ட் டிராஃபிக் ஓடுற டேட்டா பிளேன். வீட்டுக்கு வாசல் ஒண்ணு, கொல்லைப்பக்கம் ஒண்ணு மாதிரி. "நெட்வொர்க் வேலை செய்யல"ன்னு யாராவது சொன்னா நான் கேக்குற முதல் கேள்வி வாசலா கொல்லையாங்கறதுதான், ஏன்னா பாதி பேர் கொல்லைப்பக்கம் பூட்டியிருக்கறப்ப வாசக்கதவைப் போட்டுத் தட்டிட்டு இருப்பாங்க, நானும் அப்படித்தான் பல ராத்திரி தட்டியிருக்கேன்.

இங்க நான் ஃபேப்ரிக்கை வச்சு சொல்றேன். அமெரிக்காவோட தேசிய அறிவியல் அறக்கட்டளை காசுல 2019ல தொடங்குன ஆராய்ச்சி டெஸ்ட்பெட் (நெட்வொர்க் சோதனைக் களம்) அது, நார்த் கரோலினாவுல இருக்குற ரென்சிங்கற ஆராய்ச்சி மையம் முன்னாடி நின்னு நடத்துது. அமெரிக்க யுனிவர்சிட்டிகள்லயும் லேப்கள்லயும் சைட் இருக்கு, வெளிய பிரிஸ்டல், ஆம்ஸ்டர்டாம், செர்ன், டோக்கியோன்னும் இருக்கு. ஒரு சைட்ல ரெண்டு விஎம், இன்னொரு சைட்ல ஒண்ணு, நடுவுல ஒரு லிங்க்னு வரைஞ்சு கேட்டா அந்த மொத்தத்தையும் ஒரு ஸ்லைஸா குடுப்பாங்க. கிளவுட்லேப், கமீலியன்னு மத்த டெஸ்ட்பெட் யூஸ் பண்றவங்களுக்கும் இதுல முக்கால்வாசி அப்படியே பொருந்தும், பேருதான் மாறும்.

உள்ள போறதுக்கு முன்னாடி: ஸ்லைஸ் உயிரோட இருக்கா?

சிரிக்காதீங்க. ஸ்லைஸ் போட்டுவிட்டா சாதாரணமா 24 மணி நேரம்தான் லீஸ், நீங்களா நீட்டிக்கணும், நீட்டிக்கலைன்னா விஎம் டிஸ்க் டேட்டா எல்லாம் சேர்ந்து போயிடும். நேத்து வேலை செஞ்சது இன்னைக்கு டைம்அவுட்னா முதல் சந்தேகம் இதுதான். போர்ட்டல்ல பாருங்க, இல்லேன்னா ஜூபிட்டர் நோட்புக்ல ஃபேப்லிப் (ஃபேப்ரிக்கோட பைதான் லைப்ரரி) வச்சு ஸ்டேட்டை பிரிண்ட் பண்ணுங்க. ஸ்டேபிள் ஓகேன்னு இருந்தா நல்லது. ஸ்டேபிள் எரர்னு இருந்தா விஎம்முக்குள்ள போய் நோண்டி பிரயோஜனமே இல்ல, ஒவ்வொரு நோடுக்கும் ஒவ்வொரு நெட்வொர்க் சர்வீஸுக்கும் தனித்தனியா எரர் மெசேஜ் இருக்கும், அதைப் படிங்க. பெரும்பாலும் அந்த சைட்ல நீங்க கேட்ட ஜிபியுவோ டெடிகேட்டட் நிக்கோ (உங்களுக்கே தனியா குடுக்கற நெட்வொர்க் கார்டு) காலியா இல்லைங்கற விஷயமாத்தான் இருக்கும். சைட் லிஸ்ட்ல எவ்வளவு கோர், ரேம், டிஸ்க் மிச்சம் இருக்குன்னு பாத்துட்டு வேற சைட்டுக்கு மாத்திக்கலாம். பேப்பர் டெட்லைன் சீசன்ல நல்ல நிக் கிடைக்கறது தீபாவளிக்கு டிரெயின் டிக்கெட் எடுக்கற மாதிரி.

வாசல் வழி: எஸ்எஸ்ஹெச்

லேப்டாப்லேருந்து நேரா விஎம்முக்குப் போக முடியாது. நடுவுல பாஸ்டியன் ஹோஸ்ட்னு ஒரு வாட்ச்மேன் இருக்காரு. அதனால கீ ரெண்டு: பாஸ்டியனுக்கு ஒண்ணு, விஎம்முக்கு ஒண்ணு, அதை ஸ்லிவர் கீன்னு சொல்வாங்க. யூசர்நேமும் ரெண்டு. பாஸ்டியன்ல போர்ட்டல் உங்களுக்குக் குடுத்த நீளமான பேரு, விஎம்ல இமேஜைப் பொறுத்து உபுண்டுன்னா உபுண்டு, ராக்கின்னா ராக்கி. இந்த நாலையும் குழப்பிக்கிட்டா எந்த எரர் எங்கேருந்து வருதுன்னே தெரியாது.

அதனால எஸ்எஸ்ஹெச்சுக்கு மூணு வி போட்டு ஓடவிட்டு, முதல் தாவல் தாண்டுச்சா ரெண்டாவது தாவல்ல நின்னுச்சான்னு பாருங்க. எரரோட வார்த்தையே துப்பு குடுக்கும்:

- பாஸ்டியன்லயே பெர்மிஷன் டினைட் வந்தா, பாஸ்டியன் கீ காலாவதி ஆயிருக்கும் (அதுக்கு ஆயுசு உண்டு, நிறைய பேருக்கு இது தெரியாது), இல்லேன்னா தப்பான யூசர்நேம்.
- பாஸ்டியன் தாண்டி விஎம்ல பெர்மிஷன் டினைட் வந்தா ஸ்லிவர் கீ தப்பு, இல்ல இமேஜ் யூசர் தப்பு. நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு, அதைத் தொடாதீங்க.
- கனெக்ஷன் ரெஃப்யூஸ்டுன்னா விஎம் இருக்கு, பதிலும் சொல்லுது, எஸ்எஸ்ஹெச் சர்வீஸ்தான் இன்னும் எழுந்திரிக்கல. இப்பத்தான் பூட் ஆச்சுன்னா ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.
- டைம்அவுட்னா பாக்கெட் போய்ச் சேரல, இல்ல பதில் திரும்பி வரல. விஎம் செத்திருக்கலாம், நீங்களே ஃபயர்வால் போட்டிருக்கலாம், டிஃபால்ட் ரூட்டை மாத்தியிருக்கலாம்.
- டூ மெனி ஆதென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்னு வந்தா உங்க எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட்ல (கீயெல்லாம் நினைவுல வச்சிருக்குற ப்ரோக்ராம்) பத்து கீ இருக்கு, அது ஒவ்வொண்ணா நீட்டிப் பாக்குது, சரியான கீயோட முறை வர்றதுக்குள்ள சர்வர் கதவை மூடிடுது. கான்ஃபிக் ஃபைல்ல ஐடென்டிட்டீஸ் ஒன்லியை எஸ்னு வைங்க.

கீ ஃபைல் பெர்மிஷன் 600ஆ இருக்கணும். சில விஎம்களோட மேனேஜ்மென்ட் அட்ரஸ் ஐபிவி6ஆ வரும், உங்க வீட்ல ஐபிவி6 இல்லைன்னு பயப்படாதீங்க, பாஸ்டியன் வரைக்கும் ஐபிவி4லயே போகலாம், அதுக்கப்புறம் பாஸ்டியன் பாத்துக்கும். ஆனா எஸ்சிபில ஃபைல் காப்பி பண்ணும்போது அந்த அட்ரஸைச் சதுர அடைப்புக்குறிக்குள்ள போடணும், இல்லேன்னா அதுல இருக்குற முதல் கோலனைப் பாத்ததும் ஹோஸ்ட் பேரு முடிஞ்சிருச்சுன்னு எஸ்சிபி நெனச்சுக்கும்.

உள்ள போயாச்சு, ஆனா கிட் குளோன் தொங்குது

இது புதுசா வர்ற எல்லாரையும் ஒரு தடவை போட்டுத் தாக்கும். ஆப்ட் அப்டேட் (உபுண்டுவோட சாஃப்ட்வேர் லிஸ்ட்டைப் புதுப்பிக்கற கமாண்ட்) ஜம்முனு ஓடும், கிட்ஹப்லேருந்து குளோன் பண்ணா மட்டும் அப்படியே நிக்கும். காரணம் சிம்பிள். அந்த சைட்டோட மேனேஜ்மென்ட் நெட்வொர்க் ஐபிவி6 மட்டும்தான், கிட்ஹப் ஐபிவி4 மட்டும்தான், ரெண்டு பேருக்கும் பாஷை புரியல. உபுண்டு சர்வர்களுக்கு ரெண்டும் தெரியும், அதனால ஆப்ட் தப்பிச்சுது. சந்தேகம்னா கர்ல்ல மைனஸ் 4 போட்டு ஒரு தடவை, மைனஸ் 6 போட்டு ஒரு தடவை ஒரே யூஆர்எல்லை அடிச்சுப் பாருங்க, உடனே தெரிஞ்சிரும்.

தீர்வு நாட்64, அதாவது ஐபிவி6 டிராஃபிக்கை ஐபிவி4ஆ மாத்திக் குடுக்கற கேட்வே. டிஎன்எஸ்64 பண்ற ஒரு டிஎன்எஸ் சர்வரை விஎம்ல செட் பண்ணா அது ஐபிவி4 அட்ரஸை ஐபிவி6க்குள்ள பொதிஞ்சு குடுக்கும். ஃபேப்ரிக் டாக்குமென்டேஷன்லயே இதுக்கு வழி போட்டிருக்காங்க. ரிசால்வ் டாட் கான்ஃபை மட்டும் கையால எடிட் பண்ணிட்டுப் போனா சிஸ்டம்டி கொஞ்ச நேரத்துல அதை மேல எழுதிடும், அப்புறம் "காலைல வேலை செஞ்சுதே"ன்னு முழிப்பீங்க. சிஸ்டம்டி-ரிசால்வ்டு கான்ஃபிக்லயே மாத்துங்க. இல்லேன்னா ரொம்ப எளிமையா, ஐபிவி4 மேனேஜ்மென்ட் இருக்குற சைட்டா எடுத்துக்கோங்க.

கொல்லைப்பக்கம்: டேட்டா பிளேன்ல பிங் போகல

இங்கதான் விஷயமே இருக்கு, நிதானமா வாங்க. மேல ஏறி அப்ளிகேஷனைப் பாக்காதீங்க, அடியிலேருந்து ஒவ்வொரு படியா ஏறுங்க. அவசரத்துல ரெண்டு படி தாண்டினா கண்டிப்பா தாண்டுன படியிலதான் பிரச்சனை இருக்கும்.

முதல் படி, இன்டர்ஃபேஸ். ஐபி லிங்க் கமாண்டை அடிங்க. டேட்டா பிளேன் நிக் பெரும்பாலும் மொட்டையா, டவுன் ஸ்டேட்ல, ஐபி இல்லாமதான் வந்து நிக்கும். ஃபேப்லிப்ல ஆட்டோ கான்ஃபிக் சொல்லியிருந்தா அது போட்டுக் குடுக்கும், சொல்லலைன்னா நீங்கதான் அப் பண்ணி அட்ரஸ் குடுக்கணும். எந்த இன்டர்ஃபேஸ் எந்த நெட்வொர்க்குன்னு பேரை வச்சு முடிவு பண்ணாதீங்க, ரீபூட்டுக்கு அப்புறம் பேரு இடம் மாறலாம். போர்ட்டல்ல இருக்குற மேக் அட்ரஸோட ஒத்துப் பாருங்க. ரெண்டு டேட்டா நிக் இருக்குற விஎம்ல ஐபியை மாத்திப் போட்டுட்டு நான் ஒரு முழு சாயங்காலத்தை ஓட்டியிருக்கேன்.

இன்னொண்ணு, ஐபி கமாண்ட்ல குடுத்த அட்ரஸ் ரீபூட் ஆனா போயிடும். நிலைச்சு நிக்கணும்னா நெட்பிளான்ல (உபுண்டுவோட நெட்வொர்க் கான்ஃபிக் ஃபைல்) எழுதுங்க, அதுலயும் மேக் மேட்ச் போட்டு எழுதுங்க.

ரெண்டாவது படி, ஏஆர்பி, அதாவது ஒரு ஐபிக்கு எந்த மேக் அட்ரஸ்னு கேட்டுத் தெரிஞ்சுக்கற முறை. எதிர்ப்பக்க ஐபிக்கு ஒரு பிங் விட்டுட்டு ஐபி நெய்பர் கமாண்டைப் பாருங்க. மேக் அட்ரஸ் வந்து ரீச்சபிள்னு இருந்தா லேயர் 2 நல்லாருக்கு, மேல போங்க. இன்கம்ப்ளீட், ஃபெயில்டுன்னு இருந்தா ரூட்டிங், ஃபயர்வால் பத்தியெல்லாம் இப்ப யோசிக்கவே வேணாம், ஃபிரேமே போய்ச் சேரல.

அப்ப டிசிபிடம்ப், அதாவது போற வர்ற பாக்கெட்டைக் காட்டுற கமாண்ட். ரெண்டு விஎம்லயும் ரெண்டு விண்டோ, ரெண்டுலயும் அந்தந்த டேட்டா இன்டர்ஃபேஸ்ல மைனஸ் இ போட்டு ஓடவிடுங்க (மேக், விலேன் டேக், அதாவது எந்த விர்ச்சுவல் லேன்னு சொல்ற நம்பர், எல்லாம் தெரியணும்ல). ஒரு விஎம்முக்கு ஏ, இன்னொண்ணுக்கு பின்னு பேரு வச்சுக்குவோம். இப்ப ஏலேருந்து பிக்கு பிங்:

- ஏல ஏஆர்பி ரிக்வெஸ்டே வெளிய போகலைன்னா, ஏவோட ரூட்டிங் வேற இன்டர்ஃபேஸைக் காட்டுது. ஐபி ரூட் கெட் போட்டு எதிர்ப்பக்க ஐபியைக் குடுத்தா எந்த வழியா போகப்போகுதுன்னு ஒரே வரியில சொல்லிடும். எனக்குப் பிடிச்ச கமாண்ட் இதுதான், நிறைய பேர் யூஸ் பண்றதே இல்ல.
- ஏல போகுது, பில வரலைன்னா நடுவுல காணாம போகுது. விலேன் டேக் பொருந்தல, சர்வீஸ் டைப் தப்பு, இல்ல நிஜமாவே டெஸ்ட்பெட் பக்கம் ஏதோ இருக்கு.
- பில வருது, பி பதில் சொல்லலைன்னா பில அந்த ஐபியே இல்ல, இல்ல வேற இன்டர்ஃபேஸ்ல போட்டிருக்கீங்க.
- பி பதில் சொல்லுது, ஏல வரலைன்னா திரும்புற பாதை. இதுவும் நடுவுலதான்.

விலேன் பத்தி ஒரு வார்த்தை. பேசிக் நிக்ல (பலர் பங்கு போட்டுக்கற கார்டு) டேகிங் உங்களுக்குத் தெரியாம கீழயே நடந்துரும். டெடிகேட்டட் நிக் எடுத்து விலேன் நம்பர் குடுத்திருந்தா விஎம்முக்குள்ள விலேன் சப் இன்டர்ஃபேஸ் இருக்கணும், ஐபி அதுலதான் போடணும், தாய் இன்டர்ஃபேஸ்ல போட்டா டேக் இல்லாத ஃபிரேம் போய் நடுவுல மாயமாயிடும்.

பேசிக் நிக்குன்னா என்னன்னும் தெரிஞ்சுக்கோங்க. அது 100 கிகாபிட் கனெக்ட்எக்ஸ்-6 கார்டை எஸ்ஆர்-ஐஓவி வச்சு துண்டு போட்டுக் குடுக்கற ஒரு விர்ச்சுவல் ஃபங்ஷன். இந்த மாதிரி துண்டு பொதுவா தனக்குக் குடுத்த மேக் அட்ரஸோட மட்டும்தான் ஒழுங்கா பேசும். நீங்க பாட்டுக்கு விஎம்முக்குள்ள ஒரு பிரிட்ஜ் போட்டு, உள்ள இன்னும் நாலு கன்டெய்னரோ குட்டி விஎம்மோ கட்டி, அவங்க மேக்கை வெளிய விட்டா பாக்கெட் சத்தமில்லாம விழுந்துரும். விஎம்லேருந்து பிங் போகுது, கன்டெய்னர்லேருந்து போகலைன்னா இதைத்தான் மொதல்ல சந்தேகப்படணும். ஓபன் விஸ்விட்ச் (சாஃப்ட்வேர் ஸ்விட்ச்) மாதிரி வேலைக்கு டெடிகேட்டட் நிக் எடுங்க, இல்லேன்னா பிரிட்ஜை விட்டுட்டு ரூட்டிங்கோ நாட்டோ போட்டு சமாளிங்க.

மூணாவது படி: ரூட்டிங், இங்கதான் கழுத்தை அறுத்துக்குவோம்

ஃபேப்ரிக் குடுக்கற ஃபேப்நெட் ஐபிவி4 ரூட்டிங் சர்வீஸ் எடுத்தா ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு சப்நெட்டும் கேட்வேயும் கிடைக்கும், எல்லாமே 10.128.0.0/10க்குள்ள வரும். பக்கத்து சைட்டுக்குப் போகணும்னா அந்த /10க்கு கேட்வே வழியா ஒரு ரூட் போட்டா போதும். போடலைன்னா பாக்கெட் டிஃபால்ட் ரூட்ல, அதாவது வாசல் வழியா கிளம்பிப் போய்த் தொலையும். சரி, அதுக்கு டிஃபால்ட் ரூட்டையே டேட்டா பிளேனுக்கு மாத்திடலாமேன்னு தோணும். தோணுச்சு எனக்கும், மாத்தினேன். உக்காந்திருக்குற கிளையையே வெட்டுற கதை. என்டர் தட்டுன மறு வினாடி எஸ்எஸ்ஹெச் உறைஞ்சுபோச்சு, ரெண்டு நாளா கம்பைல் பண்ணி வச்ச கெர்னலோட விஎம் உள்ள உயிரோட இருக்கு, நான் வெளிய நிக்கிறேன்.

அதனால ரூட், ஃபயர்வால், நெட்பிளான் எதைத் தொட்டாலும் அதுக்கு முன்னாடி ஒரு பாதுகாப்பு போட்டுக்கோங்க. பேக்கிரவுண்ட்ல 300 செகண்ட் ஸ்லீப், அதுக்கப்புறம் ரீபூட், இப்படி ஒரு வரி ஓடவிட்டுட்டு மாத்துங்க. மாத்தினதுக்கு அப்புறமும் உள்ள இருந்தீங்கன்னா அந்த ஸ்லீப்பைக் கொன்னுடுங்க. வெளிய தள்ளிட்டா அஞ்சு நிமிஷத்துல ரீபூட் ஆகும், கையால போட்ட ரூட் அழிஞ்சு பழைய நிலைமைக்கு வந்துரும். நெட்பிளான்ல எழுதுனது மட்டும் ரீபூட்டுக்கும் அசையாது, அதுக்கு அப்ளைக்குப் பதிலா ட்ரை போடுங்க, நீங்க 120 செகண்டுக்குள்ள உறுதி பண்ணலைன்னா தானா திரும்பிரும்.

விஎம்மை நடுவுல ரவுட்டரா வச்சிருக்கீங்கன்னா மூணு விஷயம். ஐபி ஃபார்வர்டு 1ஆ இருக்கணும், இது எல்லாருக்கும் தெரியும். ஆர்பி ஃபில்டர் (பாக்கெட் வந்த வழி சரியான்னு பாக்குற கெர்னல் செட்டிங்) ஸ்ட்ரிக்ட் மோடுல, அதாவது 1ல இருந்தா, போற வழி ஒண்ணு வர்ற வழி ஒண்ணுன்னு இருக்குற டிராஃபிக்கை கெர்னல் எந்த எரரும் சொல்லாம தூக்கிப் போட்டுரும், டிசிபிடம்ப்ல பாக்கெட் உள்ள வர்றது தெரியும் ஆனா அப்ளிகேஷனுக்குப் போகாது, பைத்தியம் பிடிக்கும். லூஸ் மோடுக்கு, அதாவது 2க்கு மாத்திப் பாருங்க. மூணாவது டாக்கர். டாக்கர் ஸ்டார்ட் ஆகும்போது ஐபி ஃபார்வர்டு ஆஃப்ல இருந்து அதுவே ஆன் பண்ணா, ஐபி டேபிள்ஸ்ல (லினக்ஸ் ஃபயர்வால்) ஃபார்வர்டு பாலிசியையும் டிராப்னு மாத்தி வைக்கும், அது அதோட டிசைன். மூணு விஎம்மை வரிசையா கட்டி ரெண்டு நாள் நல்லா ஓடுன டோபாலஜி, நடு விஎம்ல மானிட்டரிங்குக்குன்னு ஒரு கன்டெய்னர் போட்டு ரீபூட் பண்ணதும் செத்துச்சுன்னா மொதல்ல இதைப் பாருங்க. டாக்கர்-யூசர் செயின்ல உங்க டிராஃபிக்கை அக்செப்ட் பண்ணி விடுங்க.

டாக்கரோட டிஃபால்ட் நெட்வொர்க் 172.17.0.0/16, லிப்வர்ட்டோடது (லினக்ஸ்ல விஎம் நடத்துற டூல்) 192.168.122.0/24. உங்க எக்ஸ்பெரிமென்ட்டுக்கு இதே ரேஞ்சைக் குடுத்து வச்சா பாக்கெட் உள்ளயே சுத்திட்டு இருக்கும். ஐபி பிளானை ஒரு காகிதத்துல எழுதிட்டு ஆரம்பிக்கறது நல்லது.

பிங் போகுது, ஃபைல் போகல

பிங் ஓகே, எஸ்எஸ்ஹெச் லாகின்ல கீ எக்ஸ்சேஞ்ச்ல தொங்குது, ஐபெர்ஃப் (நெட்வொர்க் வேகம் அளக்கற டூல்) முதல் செகண்ட்ல ஏதோ காட்டிட்டு அப்புறம் பூஜ்யம் பூஜ்யம்னு வருது. சின்னப் பாக்கெட் போகுது, பெருசு சிக்குது. எம்டியூ தான், அதாவது ஒரே பாக்கெட்ல அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவு. பிங்ல டோன்ட் ஃபிராக்மென்ட் போட்டு சைஸ் 1472 குடுங்க, போச்சுன்னா 1500 சரி (28 பைட் ஹெட்டருக்கு). 9000 வேணும்னா 8972 குடுத்துப் பாருங்க. போகலைன்னா பாதி பாதியா குறைச்சு எங்க நிக்குதுன்னு கண்டுபிடிங்க. நீங்களே விஎக்ஸ்லேன் டன்னல் (ஒரு பாக்கெட்டை இன்னொண்ணுக்குள்ள பொதிஞ்சு அனுப்பறது) கட்டியிருந்தா 50 பைட் போயிரும், 1500 மேல கட்டுனா உள்ள 1450தான். ஒரு பக்கம் 9000 மறுபக்கம் 1500னு வச்சிருந்தா ஒரு திசையில மட்டும் வேலை செய்யும், அதைப் பாத்துட்டு லிங்க் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க.

போகுது, ஆனா ஆமை வேகம்

100 கிகாபிட் கார்டுன்னு போட்டிருக்கு எனக்கு 300 மெகாபிட்தான் வருதுன்னு ஒரு கேள்வி அடிக்கடி வரும். கணக்குப் போட்டுப் பாருங்க. போய்வர 100 மில்லிசெகண்ட் ஆகுற தூரத்துல 10 கிகாபிட் நிரப்பணும்னா வழியில எப்பவும் 125 மெகாபைட் பறந்துட்டு இருக்கணும். பல லினக்ஸ் வெர்ஷன்லயும் டிஃபால்ட்ல டிசிபி அனுப்புற பஃபர் அதிகபட்சம் 4 மெகாபைட், வாங்குற பஃபர் 6. 4 மெகாபைட்டை 100 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை அனுப்புனா கிட்டத்தட்ட 330 மெகாபிட், அதைத்தான் நீங்க பாக்குறீங்க. லிங்க்ல ஒரு கோளாறும் இல்ல. சிஸ்கண்ட்ரோல்ல டிசிபி ஆர்மெம், டபிள்யூமெம் அதிகபட்சத்தை ரெண்டு பக்கமும் ஏத்துங்க.

அப்புறமும் ஏறலைன்னா சிபியு. ஐபெர்ஃப்3 ரொம்ப காலம் ஒரே த்ரெட்ல ஓடுன ப்ரோக்ராம், 3.16 வெர்ஷன்லதான் ஸ்ட்ரீமுக்கு ஒரு த்ரெட் வந்துச்சு. பழசை வச்சிக்கிட்டு எத்தனை பேரலல் ஸ்ட்ரீம் போட்டாலும் ஒரே கோர்தான் மூச்சு வாங்கும். டாப் கமாண்ட்ல எஸ்டிங்கற நம்பரையும் (உங்க விஎம்முக்குக் கிடைக்காம போன சிபியு நேரம்) பாருங்க, அது ஏறியிருந்தா ஹோஸ்ட்ல மத்தவங்க விஎம்மும் சிபியுவுக்கு அடிச்சுக்குதுன்னு அர்த்தம். பேசிக் நிக்கும் பங்கு போட்ட சமாச்சாரம்தான், பக்கத்துல யாரோ வெளுத்து வாங்கிட்டு இருந்தா உங்க நம்பர் ஆடும். பேப்பர்ல போடற அளவுக்கு அளவீடு வேணும்னா டெடிகேட்டட் நிக் எடுத்து, விஎம்மோட சிபியுவை நிக் இருக்குற நியூமா நோடுலயே (ஹோஸ்ட்ல அந்த கார்டுக்குப் பக்கத்துல இருக்குற சிபியு-மெமரி பகுதி) பின் பண்ணிட்டு அளங்க.

விஎம்முக்கே உடம்பு சரியில்லைன்னா

ஒண்ணும் சொல்லாம விட்டா ஃபேப்லிப் 2 கோர், 8 ஜிபி ரேம், 10 ஜிபி டிஸ்க்தான் குடுக்கும். அந்த 10 ஜிபியை ரெண்டு டாக்கர் இமேஜும் ஒரு டிசிபிடம்ப் கேப்சரும் சாப்பிட்டுரும். டிஸ்க் நிறைஞ்சா எரர் நேரா வராது, ஆப்ட் பாதியில உடையும், லாகின் இழுக்கும், சர்வீஸ் காரணமில்லாம சாகும். விசித்திரமா ஏதாவது நடந்தா டிஎஃப் கமாண்ட் அடிச்சு டிஸ்க்ல எவ்வளவு மிச்சம்னு பாத்துடுங்க. பிராசஸ் தானா காணாம போனா டிமெஸ்ஜில (கெர்னல் லாக் காட்டுற கமாண்ட்) அவுட் ஆஃப் மெமரி வரி இருக்கான்னு தேடுங்க. பூட் ஸ்கிரிப்ட் ஓடலைன்னா கிளவுட்-இனிட் (முதல் பூட்ல விஎம்மை செட் பண்ற ப்ரோக்ராம்) அவுட்புட் லாகைப் படிங்க, எட்டு தடவை ஸ்லைஸை அழிச்சு திரும்பப் போடறதை விட அந்த ஒரு ஃபைல் மேல். எஸ்எஸ்ஹெச்சும் போச்சுன்னா ஃபேப்லிப்லேருந்தே வெளியிலேருந்து ரீபூட் குடுக்க வழி இருக்கு, ஸ்லைஸை டெலிட் பண்றதுக்கு முன்னாடி அதை ட்ரை பண்ணுங்க. நான் மேல சொன்ன கெர்னல் விஎம் அப்படித்தான் திரும்பி வந்துச்சு.

எல்லாம் பாத்தாச்சு, டெஸ்ட்பெட் பக்கம்தான் பிரச்சனைன்னு தோணுது

அப்ப அதே ஸ்லைஸை வேற ஒரு சைட்ல ஒரு தடவை போட்டுப் பாருங்க. அங்க ஓடுது இங்க ஓடலைன்னா உங்க கையில நல்ல ஆதாரம் இருக்கு. பழைய ஸ்லைஸை மட்டும் அழிக்காதீங்க, அழிச்சுட்டா அவங்க எதைப் போய்ப் பாப்பாங்க? சப்போர்ட்டுக்கு எழுதும்போது "பிங் வேலை செய்யல, அவசரம்"னு ஒரு வரி அனுப்பாம, ஸ்லைஸ் ஐடி, சைட் பேரு, நோடு பேரு, ரெண்டு பக்க மேக் அட்ரஸ், யூடிசி நேரம், ஏல ஏஆர்பி போறதும் பில வராததும் காட்டுற டிசிபிடம்ப் நாலு வரி, இதையெல்லாம் டெக்ஸ்டா போடுங்க, ஸ்கிரீன்ஷாட்டா வேணாம். பிரைவேட் கீயை ஒட்டிடாதீங்க, அவசரத்துல அப்படிப் பண்றவங்களும் இருக்காங்க. அனுப்புன கையோட லீஸை நீட்டிச்சு வைங்க, இல்லேன்னா திங்கட்கிழமை காலைல அவங்க பாக்க வரும்போது ஸ்லைஸே இருக்காது.